அமெரிக்கக் கால்பந்தில் மூளை அதிர்வும் பொறுப்பேற்பும்

அமெரிக்காவில் கால்பந்து எனப்படுவது, பிற நாடுகளில் காலால் பந்தை உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினரை உடலால் மோதி வீழ்த்தியும் ஆடப்படும் ஆட்டம் அது. அணிக்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். தொழில்முறை அளவில் இதை நடத்துவது தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.). 32 அணிகளைக் கொண்ட இந்த அமைப்பு உலகிலேயே அதிக வருவாய் ஈட்டும் விளையாட்டு அமைப்பாகக் கருதப்படுகிறது.

மோதல் இந்த ஆட்டத்தில் தற்செயலாக நேர்வது அல்ல. ஆட்டமே மோதலால் ஆனது. எனவே தலையில் படும் அடியும் ஆட்டத்தோடு பிறந்ததே. அந்த அடியின் விளைவை யார் கண்டறிவது, அடிபட்டவர் மீண்டும் களமிறங்கலாமா என்பதை யார் முடிவு செய்வது, தவறு நடந்தால் யார் பொறுப்பேற்பது ஆகிய மூன்று கேள்விகளுக்கு விடை காண நூறாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. மூன்றுக்கும் முழு விடை இன்னும் கிடைத்துவிடவில்லை.

மூளை அதிர்வு

மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதப்பது போல மூளை அமைந்துள்ளது. தலை வேகமாகச் சென்று திடீரென நிற்கும்போதோ, பக்கவாட்டில் சுழலும்போதோ, மண்டை ஓடு நின்ற பின்னும் மூளை நகர்கிறது. அப்போது நரம்பு இழைகள் இழுபடுகின்றன. மூளை உயிரணுக்களின் வேதிச் சமநிலை குலைகிறது. இதுவே மூளை அதிர்வு. கிரிக்கெட் செய்திகளில் ‘கன்கஷன்’ என்று குறிப்பிடப்படுவதும் இதுதான்.

மூளை அதிர்வு ஏற்பட்டவர் மயங்கி விழ வேண்டும் என்பதில்லை. பெரும்பாலானோர் நினைவு தப்புவதில்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம், வெளிச்சத்தைத் தாங்க முடியாமை, அடிபட்ட கணத்தை ஒட்டிய மறதி ஆகியவை இதன் அறிகுறிகள். வழக்கமான ஸ்கேன் படங்களில் இது பெரும்பாலும் தெரிவதில்லை. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருப்பது போல இதற்கு ஐயத்துக்கு இடமில்லாத ஒரே சோதனை கிடையாது. மருத்துவர் பெரிதும் நம்பியிருப்பது இரண்டைத்தான்: தாம் கண்ணால் காண்பது, வீரர் வாயால் சொல்வது. வீரர் உண்மையை மறைத்தாலோ, மருத்துவருக்கு வேறு நெருக்கடி இருந்தாலோ, நோயறிதல் அங்கேயே தவறிவிடுகிறது.

இதனின்று வேறானது நாட்பட்ட காயவழி மூளைச்சிதைவு நோய். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் சி.டி.இ. என்று அழைக்கப்படுகிறது. பல ஆண்டுகள் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களின் மூளையில் டாவ் என்னும் புரதம் இயல்பு மாறித் திரண்டு, மெல்ல மெல்ல உயிரணுக்களை அழிக்கிறது. மறதி, மனச்சோர்வு, கட்டுக்கடங்காத சினம், இறுதியில் அறிவாற்றல் இழப்பு ஆகியவை இந்நோயோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. இறந்த பின் மூளையை ஆராய்ந்தே இதை உறுதிப்படுத்த முடியும்.

தொடக்கக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடிய ஆட்டம் மிகக் கொடூரமானதாக இருந்தது. வீரர்கள் கைகோத்து ஆப்பு வடிவில் திரண்டு எதிரணி மீது பாய்வார்கள். தலைக்கவசம் கட்டாயமில்லை. களத்திலேயே மாணவர்கள் இறப்பது ஆண்டுதோறும் நடந்தது. 1905 அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் சார்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வலியுறுத்தினார். அடுத்த ஆண்டு விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டதால், வீரர்கள் ஒரே இடத்தில் திரண்டு முட்டிக்கொள்வது குறைந்தது. பல்கலைக்கழக விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பும் அந்த நெருக்கடியில்தான் தோன்றியது.

தொழில்முறை லீக் 1920இல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் தொடங்கப்பட்டது. 1922இல் இன்றைய பெயரைப் பெற்றது. தலைக்கவசம் அங்கே 1943இல்தான் கட்டாயமானது. தோல் கவசம் மறைந்து பிளாஸ்டிக் கவசம் வந்தது. பின்னர் முகக்கம்பியும் சேர்ந்தது. இவை மண்டை ஓடு உடைவதைப் பெருமளவு குறைத்தன. ஆனால் உள்ளே மூளை நகர்வதை எந்தக் கவசமும் தடுப்பதில்லை. மாறாக, வலி குறைந்ததால் வீரர்கள் தலையையே ஆயுதமாக்கி மோதத் தொடங்கினர். தலையை முன்னிறுத்தி ஈட்டி போலப் பாய்வதைப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் 1976இல் தடை செய்ய வேண்டியதாயிற்று.

மருத்துவ உலகம் இதன் ஆபத்தை அறியாமல் இல்லை. குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் தள்ளாட்டத்தையும் குழறலையும் அமெரிக்க நோயியலாளர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே விவரித்து எழுதினார். சி.டி.இ. என்னும் பெயர் 1940களின் இறுதியிலேயே மருத்துவ எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் அது குத்துச்சண்டைக்காரர்களின் நோய் என்றே கருதப்பட்டது. கால்பந்து வீரர்களின் மூளையை எவரும் தேடிப் பார்க்கவில்லை. தலையில் அடிபட்டவர் மூக்கருகே அம்மோனியா உப்பைக் காட்டி, எத்தனை விரல் என்று கேட்டு, மீண்டும் களத்துக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்தது.

1994ஆம் ஆண்டுக் குழு

1990களின் தொடக்கத்தில் நிலைமை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. நியூயார்க் ஜெட்ஸ் அணியின் அல் டூன் தொடர் மூளை அதிர்வுகளால் 1992இல் ஓய்வு பெற்றார். 1994 சனவரியில் டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் குவாட்டர்பேக் டிராய் ஐக்மன், சான் பிரான்சிஸ்கோ அணியுடனான ஆட்டத்தில் தலையில் முழங்கால் பட்டு மருத்துவமனைக்குச் சென்றார். ஒரு வாரத்தில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் ஆடினார். முன்னைய ஆட்டத்தில் தாம் ஆடியதே நினைவில்லை என்று பின்னாளில் கூறினார். அதே ஆண்டு மெரில் ஹோஜ் என்னும் வீரரும் மூளை அதிர்வுகளால் ஓய்வு பெற்றார்.

அப்போது லீக்கின் ஆணையராக இருந்த பால் டாக்லியபூ, இது பத்திரிகைகள் பெரிதுபடுத்தும் விவகாரம் என்ற பொருளில் பேசினார். அதற்காக 2017இல் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் 1994இலேயே அவர் மிதமான மூளைக்காயக் குழு என்ற ஒன்றை அமைத்தார். அதன் தலைவராக நியமிக்கப்பட்டவர் எலியட் பெல்மன். அவர் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் மருத்துவர். அவரது துறை மூட்டுவாத நோய்கள். மூளைக்காயத்தை ஆராயும் குழுவின் தலைவர் நரம்பியல் மருத்துவர் இல்லை என்பதும், குழு உறுப்பினர்களில் பலர் அணிகளிடமோ லீக்கிடமோ ஊதியம் பெறுபவர்கள் என்பதும் பின்னாளில் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின.

2003 முதல் இக்குழு ‘நியூரோசர்ஜரி’ மருத்துவ இதழில் தொடர்ச்சியாகக் கட்டுரைகளை வெளியிட்டது. திரும்பத் திரும்ப அடிபட்டாலும் தொழில்முறை வீரர்களுக்கு நீடித்த பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றும், அறிகுறிகள் நீங்கியவரை அதே ஆட்டத்தில் மீண்டும் ஆட விடுவதில் பெரிய ஆபத்து இல்லை என்றும் அக்கட்டுரைகள் கூறின. அதே காலத்தில் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓய்வுபெற்ற வீரர்களிடம் நடத்திய ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மூளை அதிர்வு கண்டவர்களிடம் அறிவாற்றல் குறைபாடு, அடிபடாதவர்களை விட ஐந்து மடங்கு காணப்பட்டது. லீக் குழு பயன்படுத்திய தரவுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மூளை அதிர்வுகள் விடுபட்டிருந்ததை ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் 2016இல் வெளிக்கொணர்ந்தது. லீக் அச்செய்தியை மறுத்தது.

மைக் வெப்ஸ்டர்

இந்த வரலாற்றின் திருப்புமுனை ஒரு வீரரின் மரணம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் 1974 முதல் 1990 வரை பதினேழு பருவங்கள் ஆடியவர். நான்கு சூப்பர் பவுல் வென்ற அணியில் நடுத் தடுப்பாளர். ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்திலும் பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு எதிரே நிற்பவரோடு தலை மோதுவது அவருடைய இடத்தின் வேலை. ஓய்வுக்குப் பின் நினைவும் நிதானமும் தவறின. மணவாழ்க்கை முறிந்தது, செல்வம் கரைந்தது. சில காலம் தம் வண்டியிலேயே தூங்கினார். 2002 செப்டம்பரில் 50 வயதில் இறந்தார்.

பிட்ஸ்பர்க் நகரை உள்ளடக்கிய அலெகேனி மாவட்டப் பிணக்கூறாய்வு அலுவலகத்தில் அவர் உடலை ஆராய்ந்தவர் பென்னட் ஒமாலு. நைஜீரியாவில் பிறந்த அவர் நரம்பு நோயியலில் தேர்ந்தவர். வெளிப் பார்வைக்கு மூளை இயல்பாகவே இருந்தது. ஒமாலு அத்துடன் விடவில்லை. திசுக்களை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, டாவ் புரதத் திரட்சிகள் தெரிந்தன. கால்பந்து வீரர் ஒருவரிடம் சி.டி.இ. கண்டறியப்பட்டதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் ‘நியூரோசர்ஜரி’ இதழிலேயே வெளியிட்டனர். லீக் குழுவைச் சேர்ந்த மூவர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு கோரி இதழுக்குக் கடிதம் எழுதினர். இதழ் இணங்கவில்லை. 2006இல் ஒமாலு இரண்டாவது வீரரின் மூளையிலும் அதே நோயைக் கண்டதாக எழுதினார்.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் கூட்டாக நடத்தும் ஓய்வூதிய வாரியம், வெப்ஸ்டரின் முழு ஊனத்துக்குக் காரணம் கால்பந்தில் பட்ட தலைக்காயங்களே என்பதை 1999இலேயே ஏற்றிருந்தது. ஊனம் எந்த ஆண்டில் தொடங்கியது என்பதில் மட்டுமே வாரியம் குடும்பத்தாரோடு வழக்காடி, 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. ஆக, ஓய்வூதியம் வழங்கும் அறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றை, அறிவியல் பேசும் அறையில் லீக்கின் குழு ஆண்டுக்கணக்கில் மறுத்துவந்தது. பின்னாளில் தொடுக்கப்பட்ட வழக்குகளில் வீரர்கள் தரப்பு சுட்டிக்காட்டிய முக்கியமான முரண் இதுவே.

நாடாளுமன்ற விசாரணை

2007இல் பெல்மன் குழுத் தலைமையிலிருந்து விலகினார். ஐரா காசன், டேவிட் வியானோ இருவரும் இணைத்தலைவர்களாயினர். புதிய ஆணையர் ரோஜர் குடெல் மருத்துவர்களின் மாநாடு ஒன்றைக் கூட்டினார். ஆனால் கால்பந்துக்கும் நீடித்த மூளை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று தொலைக்காட்சி நேர்காணலில் வெவ்வேறு விதமாகக் கேட்கப்பட்ட கேள்விகளுக்குக் காசன் இல்லை என்றே விடையளித்தார்.

இதற்கிடையில் ஹார்வர்டில் கால்பந்து ஆடி, பின் தொழில்முறை மல்யுத்தத்தில் அடிபட்டு விலகிய கிறிஸ் நொவின்ஸ்கி, இறந்த வீரர்களின் குடும்பங்களை அணுகி மூளைக்கொடை கேட்கத் தொடங்கினார். அவர் முயற்சியோடு 2008இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மையம் உருவானது. நரம்பு நோயியலாளர் ஆன் மெக்கீ அங்கே ஒவ்வொரு மூளையாக ஆராய்ந்து சான்றுகளைச் சேர்த்தார். 2009இல் லீக்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தைக் கொண்டு நடத்திய கருத்தாய்வில், 30 முதல் 49 வயது வரையுள்ள ஓய்வுபெற்ற வீரர்களிடம் நினைவு சார்ந்த நோய்கள் பொதுமக்களிடம் உள்ளதைப் போல 19 மடங்கு கூறப்பட்டது.

2009 அக்டோபர் 28 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் நீதிக்குழு விசாரணை நடத்தியது. மூளைக்காயத்துக்கும் பிற்கால நோய்க்கும் தொடர்பு உண்டா என்று கேட்கப்பட்டபோது குடெல் நேரடியாக விடை சொல்லாமல், அதை மருத்துவர்கள் முடிவு செய்ய வேண்டும் என்றார். கலிபோர்னியா உறுப்பினர் லிண்டா சான்செஸ், புகைப்பதால் தீங்கில்லை என்று சாதித்த புகையிலை நிறுவனங்களோடு லீக்கின் போக்கை ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த மாதமே காசனும் வியானோவும் பதவி விலகினர். டிசம்பரில், மூளை அதிர்வு நீண்டகாலப் பாதிப்பை உண்டாக்கக்கூடும் என்று லீக்கின் செய்தித் தொடர்பாளர் முதன்முறையாக ஒப்புக்கொண்டார். மூளை அதிர்வின் குறிப்பிட்ட அறிகுறிகள் தெரியும் வீரர் அன்றைய ஆட்டத்தில் மீண்டும் இறங்கக் கூடாது என்ற விதியும் அம்மாதமே வந்தது.

அதே ஆண்டு மே மாதம் வாஷிங்டன் மாநிலம் லிஸ்டெட் சட்டத்தை இயற்றியது. 2006இல் பள்ளி ஆட்டத்தில் அடிபட்டும் மீண்டும் களமிறக்கப்பட்டு, மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, நெடுங்காலம் உயிருக்குப் போராடிய சிறுவனின் பெயரால் அமைந்த சட்டம் அது. மருத்துவ அனுமதி இன்றி மாணவர் மீண்டும் ஆட முடியாது என்று அது விதித்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்தன.

நெறிமுறை வளர்ந்த விதம்

இன்றுள்ள மூளை அதிர்வு நெறிமுறை ஒரே நாளில் வகுக்கப்பட்டது அன்று. அதன் முக்கியமான விதிகள் பலவற்றுக்கும் பின்னால், தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் பார்த்த ஒரு தவறு இருக்கிறது.

2011 டிசம்பரில் கிளீவ்லாந்து அணியின் கோல்ட் மெக்காய் முகத்தில் பலத்த அடிபட்டு விழுந்தார். மூளை அதிர்வுச் சோதனை எதுவும் இன்றி, இரண்டு நகர்வுகள் கழித்து மீண்டும் ஆடினார். அடி விழுந்ததைத் தாங்கள் பார்க்கவில்லை என்றது அணியின் மருத்துவக் குழு. அதையடுத்து, அரங்கின் மேலறையிலிருந்து காட்சிகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்து மருத்துவர்களுக்குத் தகவல் தரும் கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார்.

2013 முதல் ஒவ்வோர் அணியின் பக்கத்திலும், அந்த அணியிடம் ஊதியம் பெறாத சார்பற்ற நரம்புக்காய மருத்துவர் ஒருவர் நிற்கத் தொடங்கினார். நூறாண்டு வரலாற்றில் இது பெரிய மாற்றம். அதுவரை வீரரைச் சோதித்தவர் அணியின் மருத்துவர் மட்டுமே. அவரை நியமிப்பதும் நீக்குவதும் அணியின் உரிமையாளர் கையில் இருந்தன.

2015 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து அணியின் ஜூலியன் எடெல்மன் கடுமையாக மோதப்பட்டுத் தடுமாறியும் ஆட்டத்தில் தொடர்ந்தார். மேலறைக் கண்காணிப்பாளருக்கு அதைத் தடுக்க அதிகாரம் இருக்கவில்லை. அடுத்த பருவத்திலிருந்து, நடுவருக்குச் சொல்லி ஆட்டத்தையே நிறுத்தும் அதிகாரம் அவருக்குத் தரப்பட்டது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் செயின்ட் லூயிஸ் அணியின் கேஸ் கீனம், தலை தரையில் மோதி எழ முடியாமல் தள்ளாடியும் ஆட்டத்தில் விடப்பட்டார். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. விதி எழுதினால் மட்டும் போதாது, மீறினால் தண்டனையும் வேண்டும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

2016இல் லீக்கும் வீரர்கள் சங்கமும் இணைந்து தண்டனை முறையை அறிவித்தன. முதல் மீறலுக்குப் பயிற்சி வகுப்பு அல்லது 1,50,000 டாலர் வரை அபராதம். அடுத்தடுத்த மீறல்களுக்குக் குறைந்தது 1,00,000 டாலர். வெற்றியைக் கருதி மருத்துவ விதி மீறப்பட்டது எனத் தெரிந்தால், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே அணி இழக்க நேரிடும். 2017 நவம்பரில் சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் குவாட்டர்பேக் ரசல் வில்சனை நடுவரே சோதனைக்கு அனுப்பியும், சோதனை முடியாமல் அவர் களத்துக்குத் திரும்பினார். அணிக்கு 1,00,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நூறு கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள ஓர் அணிக்கு அது பெரிய தொகை இல்லை என்ற விமர்சனம் எழுந்தது. அடுத்த மாதம் ஹூஸ்டன் அணியின் டாம் சாவேஜ் கைகள் நடுங்கக் கிடந்த பின்னும் மீண்டும் ஆடியதும், வலிப்பு போன்ற அசைவு தெரிந்தால் அன்று மீண்டும் ஆட முடியாது என்ற விதி சேர்ந்தது.

மூளை அதிர்வு உறுதியானவர் மீண்டும் ஆட ஐந்து படிகளைக் கடக்க வேண்டும்: ஓய்வும் இலேசான அசைவும், இதயத் துடிப்பை உயர்த்தும் உடற்பயிற்சி, ஆட்டம் சார்ந்த பயிற்சி, மோதல் இல்லாத அணிப் பயிற்சி, முழுப் பயிற்சி. ஒரு படியில் அறிகுறி திரும்பினால் மேலே செல்ல முடியாது. இறுதியில் அணி மருத்துவரோடு சார்பற்ற நரம்பியல் மருத்துவர் ஒருவரும் இசைவு தர வேண்டும். இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது.

துவா டாகோவைலோவா நிகழ்வு

நெறிமுறையின் வலிமையும் பலவீனமும் ஒருங்கே வெளிப்பட்டது 2022இல். செப்டம்பர் 25 அன்று மயாமி டால்பின்ஸ் அணியின் குவாட்டர்பேக் துவா டாகோவைலோவா, பஃபலோ அணியோடு ஆடும்போது தள்ளப்பட்டு, தலை தரையில் மோதியது. எழுந்தவர் தலையை உதறினார், சில அடி நடந்ததும் கால் மடங்கிச் சரிந்தார். சோதனைக்குப் பின், தள்ளாட்டத்துக்குக் காரணம் முதுகுக் காயம் எனக் கூறப்பட்டது. இரண்டாம் பாதியில் அவர் மீண்டும் ஆடினார்.

நான்கே நாட்களில், செப்டம்பர் 29 அன்று சின்சினாட்டியில் அவர் மீண்டும் தரையில் வீசப்பட்டார். விரல்கள் முகத்தின் முன் இயல்பு மாறி விறைத்து நின்ற காட்சியை நாடே பார்த்தது. படுக்கையில் வைத்து வெளியே கொண்டுசென்றனர். முதல் ஆட்டத்தில் அவரைச் சோதித்த சார்பற்ற மருத்துவரைப் பணியிலிருந்து நீக்க வீரர்கள் சங்கம் தன் உரிமையைப் பயன்படுத்தியது. லீக்கும் சங்கமும் நடத்திய கூட்டு ஆய்வு, நெறிமுறையில் எழுதப்பட்ட படிகள் பின்பற்றப்பட்டன என்றும், ஆனால் அதன் நோக்கம் நிறைவேறவில்லை என்றும் முடிவு கூறியது. எனவே அணிக்குத் தண்டனை இல்லை.

தவறு விதியின் சொல்லிலேயே இருந்தது. தள்ளாட்டத்துக்கு நரம்பு சாராத வேறு காரணம் உண்டென்று மருத்துவர் கருதினால் வீரரை மீண்டும் ஆட விடலாம் என்று பழைய விதி இடமளித்தது. அந்த வாயில் 2022 அக்டோபர் 8 அன்று அடைக்கப்பட்டது. நரம்புக் கோளாற்றால் உடல் சமநிலையோ பேச்சோ தடுமாறுவதாகக் கண்டறியப்பட்டால் அன்று மீண்டும் ஆட முடியாது என்று திருத்தப்பட்டது. ஆயினும் அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே வீரர் மூளை அதிர்வோடு ஓர் ஆட்டத்தை முழுவதும் ஆடி முடித்தார். மறுநாளே அது தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியும் அறிகுறி இல்லாதபோது, வீரர் தாமாகச் சொன்னால்தான் நெறிமுறை தொடங்குகிறது.

வீரர்கள் ஏன் சொல்வதில்லை என்பதற்கு விளக்கம் எளிது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் முழு ஊதியத்துக்கும் உறுதி கிடையாது. இடத்தை விட்டு விலகினால் அந்த இடத்தைப் பிடிக்க இன்னொருவர் காத்திருக்கிறார். அடிபட்டும் ஆடுவதே வீரம் என்று பள்ளி நாளிலிருந்து கற்பிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

வழக்கும் இழப்பீடும்

2011 பிப்ரவரியில் முன்னாள் வீரர் டேவ் டூயர்சன் தற்கொலை செய்துகொண்டார். தம் மூளையை ஆய்வுக்குக் கொடுக்குமாறு எழுதிவைத்திருந்தார். அதில் சி.டி.இ. இருப்பது உறுதியானது. 2012 மே மாதம் புகழ்பெற்ற வீரர் ஜூனியர் சேயுவும் அவ்வாறே இறந்தார். அவர் மூளையிலும் அதே நோய் காணப்பட்டது. ஆபத்தை அறிந்தும் லீக் மறைத்தது என்று குற்றஞ்சாட்டி 2011இல் தொடங்கிய வழக்குகள் பெருகின. 4,500க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் சேர்ந்தனர். பிலடெல்பியாவில் நடுவண் நீதிபதி அனிடா பிராடி முன் அவை ஒன்றாக விசாரிக்கப்பட்டன.

2013 ஆகஸ்டில் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் அறிவிக்கப்பட்டது. சுமார் 20,000 ஓய்வுபெற்ற வீரர்களுக்கு அத்தொகை போதாமல் போகலாம் என்று நீதிபதி 2014இல் அதை ஏற்க மறுத்தார். உச்சவரம்பு நீக்கப்பட்ட திருத்திய உடன்பாடு 2015 ஏப்ரலில் ஒப்புதல் பெற்று, மேல்முறையீடுகள் முடிந்து 2017 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. தசைச் செயலிழப்பைத் தரும் ஏ.எல்.எஸ். நோய்க்கு அதிகபட்சம் 50 லட்சம் டாலர், அல்சைமர், பார்க்கின்சன் நோய்களுக்கு 35 லட்சம் டாலர் என வகுக்கப்பட்டது. வழங்கப்பட்ட தொகை பின்னாளில் நூறு கோடி டாலரைக் கடந்தது.

ஆனால் இந்த உடன்பாட்டில் லீக் தன் மீதான குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு விசாரணை வரை செல்லாததால், லீக்கின் உள்ஆவணங்கள் நீதிமன்றத்தில் திறக்கப்படவில்லை. பொறுப்பானவர்கள் சத்தியம் செய்து சாட்சி சொல்லவும் இல்லை. யார் எப்போது எதை அறிந்திருந்தார்கள் என்ற கேள்விக்கு நீதிமன்ற விடை கிடைக்காமலே போனது.

இழப்பீடு வழங்கும் முறையிலும் ஓர் அநீதி மறைந்திருந்தது. அறிவாற்றல் சோதனையில் கறுப்பின வீரர்களின் தொடக்கத் திறன் வெள்ளையரை விடக் குறைவு என்று கொள்ளும் மதிப்பெண் அட்டவணை பயன்படுத்தப்பட்டது. இருவர் ஒரே மதிப்பெண் பெற்றாலும், வெள்ளையருக்கு அது திறன் இழப்பாகவும் கறுப்பினத்தவருக்கு இயல்பாகவும் கணக்கிடப்பட்டது. லீக்கின் வீரர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். முன்னாள் வீரர்கள் கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் இருவரும் 2020இல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2021இல் அம்முறையைக் கைவிட லீக் ஒப்புக்கொண்டது. 2022இல் நீதிபதி அம்மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தார். பழைய சோதனை முடிவுகளை மறுபடி கணக்கிட வழி பிறந்தது.

நெறிமுறையின் எல்லை

2016 மார்ச்சில் லீக்கின் உடல்நலப் பிரிவுத் துணைத்தலைவர் ஜெஃப் மில்லர், கால்பந்துக்கும் சி.டி.இ. போன்ற நோய்களுக்கும் தொடர்பு உண்டு என்று பிரதிநிதிகள் அவைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். 2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், ஆராயப்பட்ட 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110இல் அந்நோய் இருந்தது. இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். நோய் அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடையளிப்பதால், எல்லா வீரர்களிலும் இதே விகிதம் என்று கொள்ள முடியாது. ஆய்வாளர்களே இதைக் குறிப்பிட்டுள்ளனர்.

அண்மை ஆண்டுகளில் லீக் ஆட்டத்தையே ஓரளவு மாற்றியிருக்கிறது. தலையைத் தாழ்த்தி மோதுவதற்கு 2018இல் தடை வந்தது. நெடுந்தூரம் ஓடிவந்து மோதும் தொடக்க உதைக்கு 2024இல் புதிய வடிவம் தரப்பட்டது. தலைக்கவசத்தின் மேல் அணியும் மென்மையான உறை பயிற்சிகளில் கட்டாயமாகி, பின் ஆட்டங்களிலும் அனுமதி பெற்றது. லீக் வெளியிட்ட கணக்கின்படி 2017இல் 281 ஆக இருந்த மூளை அதிர்வுகள் 2024இல் 182 ஆகக் குறைந்தன.

ஆனால் சி.டி.இ. நோயை வளர்ப்பது மூளை அதிர்வு என்று பெயர் பெறும் பெரிய அடி மட்டும் இல்லை. அறிகுறி எதையும் காட்டாத சிறு மோதல்கள் ஆயிரக்கணக்கில் சேர்வதே முக்கியக் காரணம் என்று ஆய்வுகள் சுட்டுகின்றன. ஆண்டுகள் நீளும்போது ஆபத்தும் கூடுகிறது. நெறிமுறை பெரிய அடியைப் பிடிக்க அமைந்தது. வெப்ஸ்டர் போன்றவர்கள் ஒவ்வொரு நகர்விலும் வாங்கிய சிறு அடிகளை அது எண்ணுவதில்லை. 2015இல் சான் பிரான்சிஸ்கோ அணியின் கிறிஸ் போர்லண்ட், ஒரே பருவம் ஆடிவிட்டு 24 வயதில் விலகியதற்கு இந்த அச்சமே காரணம்.

இந்த வரலாற்றின் தாக்கம் பிற ஆட்டங்களிலும் எழுந்த விவாதங்களோடு சேர்ந்துகொண்டது. டெஸ்ட் கிரிக்கெட்டில் தலையில் அடிபட்டவருக்கு மாற்று வீரரை இறக்கும் விதி 2019இல் வந்தது. உலகக் கால்பந்தில் மூளை அதிர்வுக்கான கூடுதல் மாற்று வீரர் முறை 2021இல் சோதிக்கப்பட்டு, 2024இல் போட்டிகள் விரும்பினால் ஏற்கலாம் என விதிப்புத்தகத்தில் இடம்பெற்றது. மாற்று வீரர் இருந்தால், ஐயத்துக்குரிய வீரரை வெளியே அனுப்ப அணி தயங்குவதில்லை என்பதே இவ்விதிகளின் அடிப்படை.

ஆட்ட விதி மாறுவதற்கு 1905இல் வெள்ளை மாளிகை தலையிட வேண்டியிருந்தது. 2009இல் லீக் வாய் திறக்க நாடாளுமன்ற விசாரணை வேண்டியிருந்தது. இழப்பீடு கிடைக்க நீதிமன்றம் வேண்டியிருந்தது. விளையாட்டு அமைப்புகள் தங்களைத் தாங்களே கண்காணித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இந்த நூற்றாண்டு வரலாற்றில் ஆதரவு குறைவு. சோதிக்கும் மருத்துவர் அணியைச் சாராதவராக இருப்பதும், மீறலுக்குத் தண்டனை இருப்பதும், தரவுகளை வெளியார் ஆராய முடிவதும் வீரரின் பாதுகாப்புக்கு அடிப்படை என்பதையே இதுவரை நடந்தவை காட்டுகின்றன.